சேற்றில் நின்ற படகும் ஏழு லீட்டர் தண்ணீரும்

நீந்தத் தெரியுமா என்று படகுக்காரர் கேட்டார். தெரியும் என்றேன். படகு ஓட்டத் தெரியுமா என்றார். அதுவும் தெரியும் என்றேன். தேயிலை மலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இவை இரண்டும் எங்கே கிடைத்தன என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்றாவது பொய்யும் கைவசம் இருந்தது. அதுவரைக்கும் நான் ஏறிய ஒரே மிதக்கும் வாகனம், அடைமழையில் நோட்டன் பிரிட்ஜ் போகும் பஸ்தான்.

பொய்க்குக் காரணம் இருந்தது. மண்சரிவில் எங்கள் லயத்தின், அந்த வரிசை வீடுகளின், பாதி போய்விட்டது. மீதிப் பாதியில் யாரும் குடியிருக்கக் கூடாது என்று கதவுகளில் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். நானும் மனைவியும் இன்னும் பதினொரு குடும்பமும் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில், கயிறு கட்டிச் சேலை தொங்கவிட்டு, அதற்குப் பெயர் வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மனைவி அப்போது கர்ப்பிணி. அங்கே கக்கூஸுக்கு முன்னால் எந்த நேரமும் வரிசை. வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு அவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள். விளைவு, டிக்கோயாவில் கிளினிக்குக்குப் போன அன்று மூத்திரத்தில் கிருமி என்று குளிசை மாத்திரை கொடுத்தார்கள். மிட்வைஃப் அம்மா என்னையும் உள்ளே கூப்பிட்டு நிற்க வைத்தார்.

“ஒரு நாளைக்கு மூணு லீட்டர் தண்ணி குடிக்கணும். குளுச மட்டும் போதாது. தண்ணி கொறஞ்சா கிருமி மேல ஏறி கிட்னிக்குப் போகும். காய்ச்ச வரும். நாள் வர முந்தியே வலி வந்துரும். அரகொறையா புள்ளைய வெளிய எடுத்து வச்சுக்கிட்டு என்னா செய்வீங்க? வெளங்குதா?”

“நல்லா வெளங்குது மிஸ்.”

“ஒங்களுக்கு வெளங்கி என்னா பிரயோசனம்? அவங்க குடிக்கணும்.”

அந்தச் சமயத்தில்தான் படகு வேலை வந்தது. முதலில் சொன்ன படகுக்காரர் கொழும்பு ஆள். அவர் நீர்த்தேக்கத்தில் வெள்ளைக்காரர்களைத் தங்க வைப்பதற்காக ஒரு படகு கட்டி வைத்திருந்தார். இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, கூரைமேல் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி. மண்சரிவுக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் வரவில்லை. எஞ்சினைக் கழற்றி ஹட்டனில் ஒரு கராஜுக்கு அனுப்பியிருந்தார். எஞ்சின் இல்லாத படகைப் பார்த்துக்கொள்ள, படகே தெரியாத ஒருவன் தேவைப்பட்டான். பொருத்தம் பார்த்துச் செய்ததுபோல் நான் அமைந்தேன்.

மனைவி ஏறி வந்து இரண்டு அறையையும் பார்க்கவில்லை. நேரே கக்கூஸுக்குப் போனாள். கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடியும் சாத்தினாள்.

“உள்ளுக்குத் தாப்பா இருக்குங்க” என்றாள். அவள் முகம் அப்படி விரிந்ததை நான் எங்கள் கல்யாணத்திலும் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை அப்படி.

படகைச் சுற்றிலும் தண்ணீர். ஆனால் அது குடிக்க ஆகாது. மலைகளில் அடிக்கிற மருந்தும், பசாரின் கழிவும், எல்லாச் சாக்கடையும் கடைசியில் வந்து சேர்கிற இடம் அது. வெயில் காலத்தில் மேலே பச்சையாய்ப் பாசி படரும். கரையோரத்து ஆட்களிடம் சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்: “காய்ச்சுனா கிருமிதான் சாகும். மருந்து சாகாது.” அதனால் கக்கூஸுக்கும் துணிக்கும் சட்டிபானை கழுவவும் வாளியால் மொண்ட நீர்த்தேக்கத் தண்ணீர். குடிக்க, சமைக்க, சட்டியைக் கடைசியாய் ஒரு தரம் அலச, கரையிலிருந்து நான் கொண்டுவருகிற பீலித் தண்ணீர்.

பீலி என்றால் மலையில் ஊறுகிற நீரை ஒரு குழாய் வழியாக இறக்கிவிட்டிருப்பது. அதற்குத் திருகு கிடையாது, மூடி கிடையாது. அது பாட்டுக்கு இரவும் பகலும் கொட்டும். தினமும் காலையில் சின்னத் தோணியில் நாலு கேன் போட்டுக்கொண்டு கரைக்குத் துடுப்புப் போடுவேன். கொண்டுவந்ததில் மிஞ்சுவதைக் கூரைமேல் தாங்கியில் ஊற்றி வைப்பேன். முதல் வாரம் தோணி கரையைத் தவிர எல்லாப் பக்கமும் போனது. கரைக்குமேலே ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் நிரையை விட்டுவிட்டு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“என்னா கேப்டன், இந்தியாவுக்கா?” என்று கத்துவார் அவர்களுடைய கங்காணி அக்கா.

“கப்பல் முழுகுது, காப்பாத்துங்க!” என்று நானும் இரண்டு கையையும் தூக்கிக் கத்துவேன். மலை முழுக்கச் சிரிக்கும். அவர்கள் அந்த மலைக்கு வரும் நாளெல்லாம் நான் ஒரு தரமாவது முழுகிக் காட்டுவேன். சிரிக்க வைத்துவிட்டு வந்தால் அன்றைக்குத் தோணி கொஞ்சம் நேராய்ப் போவதுபோல் இருக்கும்.

தண்ணீர்ச் சட்டம் முழுவதும் மனைவியுடையது. பல் விளக்க ஒரு கோப்பை. அரிசி கழுவிய தண்ணீரில் கீரை. கீரை கழுவிய தண்ணீரில் கோப்பைகள். பால் சேர்க்காத தேத்தண்ணீரான சாயத்துக்கு அளந்த தண்ணீர். எனக்கு இரண்டாவது கோப்பை வேண்டுமென்றால் கரைக்குப் போய்க் குடித்துவிட்டு வரலாம். அவளுடைய ஒன்றரை லீட்டர்ப் போத்தல் மட்டும் சட்டத்துக்கு வெளியே. அதை ஒரு நாளைக்கு இரண்டு தரம் நிரப்பி, இரண்டு தரமும் காலியாக்கிக் கவிழ்த்து எனக்குக் காட்டுவாள். இரண்டு மாதம் இப்படிப் போனது. அடுத்த கிளினிக்கில் மிட்வைஃப் அம்மா அவளைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்து முறைத்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு மழை நின்றது. வருடா வருடம் நிற்பதுதான். அந்த வருடம் நின்றது நின்றதுதான். கீழே மின்சாரத்துக்குத் தண்ணீரைத் திறந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு நாளும் காலையில் எழும்பினால் கரை கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். எங்கள் படகு ஒரு ஓடை வந்து விழும் மூலையில் கட்டியிருந்தது. ஆழம் குறைந்த இடம். தெரிந்த ஒருவன் முதல் வாரமே படகை நடுவுக்கு இழுத்துப் போயிருப்பான். நான் கரை தூரமாகப் போகிறதே என்றுதான் கவலைப்பட்டேன். படகுக்குக் கீழே தண்ணீர் போகிறது என்பது என் மண்டையில் ஏறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தோணி பாதி வழியில் சேற்றில் குந்திக்கொண்டது. துடுப்பைச் சேற்றில் ஊன்றி, தள்ளி, அசிங்கமாகத் திட்டி, மத்தியானமாகும்போது படகுக்குத் திரும்பினேன். அன்று சாயங்காலம் படகும் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் லேசாகச் சாய்ந்து உட்கார்ந்தது. எங்களுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு நூறு, நூற்றிருபது காலடி தூரம். அத்தனையும் கறுப்புச் சேறு. தோணி ஓட்டத் தண்ணீர் இல்லை, நடந்தால் தாங்காது. போன வருடம் அதே மூலையில் ஒரு பசுமாடு இறங்கி, கயிறு கட்டி இழுத்தும் வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை.

படகுக்காரருக்குப் போன் எடுத்தேன்.

“ரெண்டு நாள்ல மழை வரும் என்று சொல்கிறார்கள். படகை விட்டுப் போகாதே. ஆள் இல்லையென்றால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது. நீ போவதாக இருந்தால் நான் வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும்” என்றார்.

ஏணி வைத்து ஏறித் தாங்கிக்குள் எட்டிப் பார்த்தேன். பாதிக்குமேல் இருந்தது. பத்து நாளைக்குத் தாராளம். கீழே இறங்கி மனைவியிடம் பெரிய மாலுமி மாதிரி, “பத்து நாளைக்கு ராஜா நாமதான்” என்றேன்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. மத்தியானச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மேல்தட்டுக் குழாயில் கை கழுவினேன். கழுவிவிட்டுப் போய்ப் படுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

பீலியில் கை கழுவி வளர்ந்தவன் என்ன செய்வான்? கையை நீட்டுவான், கழுவுவான், உதறிக்கொண்டு போவான். திருகை மூடுகிற வேலை அவன் கைக்குத் தெரியாது. மூன்று மாதமாகப் பின்னாலேயே வந்து மூடியவள் மனைவி. அன்று அவள் கால் வீக்கத்தோடு எனக்கு முன்பே படுத்துவிட்டாள். குழாயிலிருந்து தண்ணீர் படகின் ஓரத்தால் வழிந்து கீழே விழுகிற சத்தம் கேட்டது. கேட்டது என்றுதான் சொல்கிறேன். இருவருக்கும் கேட்டது. லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் பின்சுவரை ஒட்டிப் பீலி. பிறந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கியவர்கள் நாங்கள். மண்சரிவுக்குப் பிறகு அத்தனை நிம்மதியாக நாங்கள் தூங்கியது அன்று ஒரு நாள்தான். மனைவி தூக்கத்தில் சிரித்துக்கூட இருந்தாள்.

சத்தம் நின்றபோது முழித்துக்கொண்டோம்.

தாங்கியைத் தட்டிப் பார்த்தேன். கோயில் மணிபோல் கேட்டது. நீர்த்தேக்கத்துக்கே குடிதண்ணீர் தானம் செய்த ஒரே ஆள் இந்த மலைநாட்டில் நானாகத்தான் இருப்பேன். மனைவி போய்த் திருகை மூடினாள். வராத தண்ணீரை மூடிவிட்டு, இருப்பதை எடுத்து வரிசையாக வைத்தாள். ஐந்து லீட்டர் கேன் ஒன்று நிறைய. அவளுடைய போத்தல். கேத்தலில் அரைவாசி. எல்லாம் சேர்த்து ஏழு லீட்டர்.

“ஒனக்கு மூணு லீட்டர். அதுல கைவைக்கப்படாது” என்றேன். “ரெண்டு நாளைக்கு ஆறு. எனக்கு மிச்சம் ஒண்ணு. மழ வந்துரும்.”

“வராட்டி?”

“வராட்டி ஆளக் கூப்புடுவோம்.”

“இப்பவே கூப்புடுங்களேன்.”

கூப்பிட்டிருக்கலாம். போனில் நாலு பேரின் நம்பர் இருந்தது. ஆனால் கூப்பிட்டால் என்ன சொல்வது? கேப்டன் குழாயை மூட மறந்தான் என்றா? அது பொகவந்தலாவை வரைக்கும் போய்ச் சிரித்துவிட்டுத் திரும்பி வரும். அதுகூடப் பரவாயில்லை. இறங்கிப் போனால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். “மண்டபத்துக்குத்தான் திரும்பிப் போகணும், பரவாயில்லியா?” என்று கேட்டேன். அவள் கக்கூஸ் கதவைப் பார்த்தாள். அதற்குப் பிறகு கூப்பிடச் சொல்லவில்லை. அந்த முடிவில் எங்கள் இருவருக்கும் பங்கு உண்டு. பெரிய பங்கு என்னுடையது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி வந்தது. அவளுடைய நூல் சேலைகள் இரண்டைத் தட்டின் கம்பியில் விரித்துக் கட்டினேன். வெயில் ஏறுமுன் பிழிந்தால் முக்கால் கோப்பை கிடைத்தது. சவர்க்காரமும் நீலமும் கலந்த ருசி. “கொழும்புல இத வெலைக்கி விப்பாங்க” என்று சொல்லி நானே குடித்தேன். வயிறு அன்று முழுவதும் சுத்தமாகத் துவைபட்டது.

பகலில் என் பங்கை ஊற்றிக்கொண்டு குசினிக்குப் போவேன். வாயை நனைத்துவிட்டு மீதியைக் கேனிலேயே சத்தமில்லாமல் ஊற்றிவிடுவேன். “குடிச்சீங்களா?” என்பாள். “ஆச்சு” என்பேன். நானும் கேட்பேன், “குடிச்சியா?” அவள் போத்தலைக் கவிழ்த்துக் காட்டுவாள். “ஆச்சு.”

மழை வரவில்லை. சாயங்காலம் மேகம் வந்தது. எங்களுக்கு மேலே நின்று யோசித்துவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் போனது. படகுக்காரருக்குப் போன் எடுத்தேன், அடித்துக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை காலையில் தைரியம் வந்தது. வந்திருக்கக் கூடாது. படுக்கைப் பலகைகள் இரண்டைக் கழற்றி, ஒன்றில் நின்று மற்றதை முன்னால் போட்டுப் போவது என்று திட்டம். மூன்றாவது எட்டில் பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. நான் இடுப்பு வரைக்கும் போனேன். சேறு குளிர்ந்த களிபோல் இறுக்கிப் பிடித்தது. சட்டைப் பையிலிருந்த போன், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழுக்கி, வெளிச்சம் எரிந்தபடி உள்ளே போனது. மனைவி ஒரு சேலையை முறுக்கி எறிந்தாள். மறுமுனையைக் கம்பியில் கட்டி, எட்டு மாதத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஆடாதீங்க, ஆடாம இழுங்க” என்று அவள் சொல்லச் சொல்ல, ஒரு மணித்தியாலத்தில் ஊர்ந்து மேலே வந்தேன். நாங்கள் குழந்தைக்கு வாங்கியிருந்த துவாலையால் என் முகத்தைத் துடைத்தாள். எங்களிடம் இருந்தது ஒரே போன். அவளுடையது மண்சரிவில் போய்விட்டது. ஒன்றை மலை எடுத்தது, ஒன்றைச் சேறு எடுத்தது. எல்லாருக்கும் எங்களோடு பேசத்தான் ஆசை.

அன்று மத்தியானம் கேனைத் தூக்கியபோது எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. கனமாக இருந்தது. மூன்றாம் நாள், தண்ணீர் முடிந்திருக்க வேண்டும். அடியில் ஈரம்தான் மிஞ்சியிருக்க வேண்டும். ஆனால் கேனில் முக்கால்வாசி நிற்கிறது. நான் குடிக்காததன் பலன் என்று பெருமைப்பட்டேன். அது போதாமல், முருகனும் கொஞ்சம் உதவியிருப்பார் என்று நினைத்தேன். நான் குடிக்காததே மொத்தம் ஒரு லீட்டர் என்கிற கணக்கு அந்த மண்டையில் ஓடவில்லை.

கேனை வைத்துவிட்டு வெளியே போய், திரும்பிக் குசினிக்குள் வந்தபோது அவள் போத்தலைக் கேனின் வாயில் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். தண்ணீரில் பாதி வெளியே சிந்தியது.

“என்னா செய்யுற?”

திடுக்கிட்டுப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

“நீங்க என்னா செஞ்சீங்க, நேத்து பூரா? நா பாக்கலன்னு நெனச்சீங்களா?”

“நா ஆம்பள. நாலு நாள் தாங்குவேன். ஒனக்கு மூணு லீட்டருன்னு சொன்னாங்கள்ல?”

“நீங்க விழுந்துட்டா என்னைய யாரு தூக்குறது? இவ்வளவு பெரிய வயித்த வச்சுக்கிட்டு நா நீந்தியா போவேன்?” அப்புறம் அழுதாள். “ஒங்களுக்கும் நீந்தத் தெரியாது.”

நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. இரண்டு நாளாக இடுப்பு வலிக்கிறது, குளிர்கிறது, மூத்திரம் எரிகிறது என்று அதன்பிறகுதான் சொன்னாள். கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள். கொஞ்ச நேரத்தில் அத்தனையும் வாந்தியாக வந்தது. மறுபடியும் கொடுத்தேன். அதுவும் வந்தது. முந்தின நாள் குடித்திருந்தால் தங்கியிருக்கும். இப்போது தண்ணீர் இருக்கிறது, அவள் உடம்பு ஏற்கவில்லை. ஒரு கரண்டி, ஒரு கரண்டியாக உதட்டில் வைத்தேன். வேடிக்கையாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். “பேசாதீங்க” என்றாள். அடுத்த கரண்டியை நீட்டினேன்.

கரையில் ஆளே இல்லை. லயங்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம். எவ்வளவு கத்தினாலும் எட்டாது. ஏழாம் நம்பர் மலைக்குக் கொழுந்து எடுக்க வாரத்துக்கு ஒரு தரம், வியாழக்கிழமைதான் வருவார்கள். நாளைக்கு வியாழன். ஆனால் மழை இல்லை. மழை இல்லாவிட்டால் கொழுந்து இல்லை. கொழுந்து இல்லாவிட்டால் காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டிலேயே வேறு மலைக்குத் திருப்பி விடுவார்கள். மனைவியும் கொழுந்து எடுத்தவள். அவளுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்:

“அந்த மலையில தளிர் தெரியுதா, பாருங்க.”

பார்த்தேன். வெயிலில் மலை கரும்பச்சையாய், விறைப்பாய், ஒரு தளிர்கூட இல்லாமல் நின்றது.

“தெரியுது. நெறைய இருக்கு” என்றேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மலை வெறுமையாக இருந்தது. எட்டு மணிக்கும். அவளுக்கு வலி விட்டு விட்டு வரத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு தரமும் என் கையைப் பிடித்து, விடும்போது, “இன்னும் நாள் இருக்குங்க, இன்னும் நாள் இருக்கு” என்றாள். என்னிடம் சொன்னாளா, வயிற்றிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. நான் முருகனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லாததால் இனிமேல் பகடி பேசுவதில்லை என்று நேர்ந்தேன். அவருக்கும் அதில் லாபம் தெரியவில்லைபோல.

ஒன்பதரை மணிக்கு மேட்டின் உச்சியில் ஒரு தலை தெரிந்தது. பிறகு பத்துப் பதினைந்து தலைகள். கொழுந்து இல்லாததால் அந்த மலையில் புல் வெட்ட அனுப்பியிருந்தார்கள். நான் தட்டின் கம்பியில் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன்.

“காப்பாத்துங்க! அக்கா, காப்பாத்துங்க!”

மலை முழுக்கச் சிரித்தது.

“என்னா கேப்டன்!” என்று கங்காணி அக்கா அங்கிருந்து கத்தினார். “சேத்துலயும் கப்பல் முழுகுதா?”

“நெசமாத்தான்க்கா! சத்தியமா!”

“போன வாரமும் சத்தியமாத்தான் முழுகுன!”

மறுபடியும் சிரிப்பு. ஒருத்தி எனக்குப் பாட்டுப் பாடிக் கைதட்டினாள். நான் கம்பியில் தொங்கிக்கொண்டு அழுதேன். அதுவும் நன்றாக நடிக்கிறேன் என்று தோன்றியிருக்கும்; இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மூன்று மாதமாக நான் சேர்த்து வைத்த பெயர் அது.

அப்போது மனைவி அறையிலிருந்து வெளியே வந்தாள். எழும்பாதே என்று சொல்லியிருந்தேன். ஒரு கை கம்பியில். ஒரு கை இடுப்பின் பின்பக்கம். கத்தவில்லை. கத்த அவளிடம் குரல் இல்லை. ஒரு வலி வந்தது. முழங்காலை மடக்காமல், முன்னால் குனிந்து, கம்பியில் நெற்றியை வைத்து அப்படியே நின்றாள்.

மலையில் சிரிப்பு நின்றது. அது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கவில்லை, ஒரேயடியாக நின்றது. கங்காணி அக்கா கையில் இருந்த கத்தியைக் கீழே போட்டார். அவருக்கு நாலு பிள்ளைகள். அந்த நிற்பு என்ன என்று யாரும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை.

“ஏய், ஓடுங்கடி!”

கரையோரத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் எங்கள் இடிந்த லயத்துக் கூரைத் தகரங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அவர்கள் நேரே அங்கே போனார்கள். ஒருத்தி த்ரீவீலுக்கு ஆள் பிடிக்க மேட்டைத் தாண்டி ஓடினாள். மற்றவர்கள் கொழுந்து மலையில் நிற்பதுபோல் நிரையாக நின்று, தலைக்கு மேலால் தகரத்தைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். முன்னால் நின்ற இருவர் அதைச் சேற்றில் போட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து மேலே விரித்து, அதில் மண்டியிட்டு அடுத்த தகரத்தை வாங்கினார்கள். தகரம் சேற்றில் அமிழ்ந்து உறிஞ்சும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒருத்தி ஒரு காலோடு தொடைவரை போனாள்; தூக்கி எடுத்தார்கள்; செருப்பு உள்ளேயே போனது; அதற்கும் சேர்த்து என்னைத் திட்டினாள். ஒவ்வொரு தகரத்துக்கும் ஒரு திட்டு வந்தது. அன்றைக்கு வாங்கிய திட்டை மாலையாகக் கட்டினால் தேருக்குப் போதும்.

கங்காணி அக்காதான் முதலில் படகில் ஏறினார். மனைவியின் கன்னத்தைத் தொட்டார், உதட்டைப் பார்த்தார், வயிற்றில் கை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார்.

“உள்ளுக்கு அசையுது” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “தண்ணி எங்கடா?”

குசினியைக் காட்டினேன். கேனைத் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் தூக்கிப் பார்த்தார்.

“இதுல தண்ணி இருக்கு!”

“இருக்குக்கா.”

“அப்ப ஏன்டா புள்ள இப்பிடிக் காஞ்சு கெடக்கு?”

எந்தக் கேள்விக்கும் ஒரு பகடி வைத்திருப்பவன் நான். அன்று கேனை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன்.

ஒரு தகரத்தில் படங்குகளை அடுக்கி அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். படகின் கயிற்றைக் கட்டி முன்னால் நாலு பேர் இழுத்தார்கள். நான் பின்னால் மண்டியிட்டுத் தள்ளினேன். தகரத்தின்மேல் தகரம் உரசிக் கீச்சிட்டது. நடுவில் இரண்டு தரம் வலி வந்தது. இரண்டு தரமும் அவ்வளவு பேரும் அசையாமல் நின்றார்கள். அவள் விரலைத் தூக்கிக் காட்டியதும் மறுபடியும் இழுத்தார்கள். கரை ஏறியதும் அவளை த்ரீவீலில் ஏற்றினோம். அக்கா அவளை மடியில் போட்டுக்கொண்டார். டிக்கோயா போய்ச் சேரும்வரை அவள் தலையைத் தடவிக்கொண்டே வந்தார்.

கிருமி கிட்னிக்கு ஏறிவிட்டது என்றார் டொக்டர். வலியை நிறுத்த ஊசி, கிருமிக்கு ஊசி, கையில் சேலைன். நிறுத்த முடியுமா என்பதை நாளைக்குத்தான் சொல்லலாம் என்றார். நர்ஸ் சிங்களத்தில் கேட்டார், எத்தனை நாளாய்த் தண்ணீர் குடிக்கவில்லை என்று. கொஞ்சம் கொஞ்சம் குடித்தாள் என்று நான் தொடங்கினேன். பொய் சொல்லாதே என்று அதட்டினார். மூன்று நாள் என்றேன். என் கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பையைக் கொடுத்தார். பக்கத்தில் கோடுகள் போட்டிருந்தது. எவ்வளவு மூத்திரம் போகிறது என்று ஒவ்வொரு தரமும் அளந்து தாளில் எழுத வேண்டும். கிட்னி வேலை செய்கிறதா என்பதை அதை வைத்துத்தான் பார்ப்பார்களாம்.

முதல் நாள் கோப்பையில் அடி மறைய மட்டும். நிறம் கடுஞ்சாயம்போல. நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இருக்குமோ என்று சாய்த்தும் பார்த்தேன். வார்டில் இருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு வெட்கமே இல்லை. சாயங்காலம் ஆண்களை வெளியே அனுப்பினார்கள். வெளியில் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் காலையில் உள்ளே விட்டதும் ஓடினேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸிலிருந்து வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் கோப்பை. என்னைக் கண்டதும் அதைத் தூக்கிக் காட்டினாள்.

“நானூறுங்க!” என்றாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் சிரித்துவிட்டாள்.

வலி நின்றுவிட்டது என்று டொக்டர் வந்து சொன்னார். வயிற்றில் கருவியை வைத்து எங்களுக்கும் கேட்க விட்டார். குதிரை ஓடுவதுபோல் டக்டக்கென்று கேட்டது. இன்னும் எத்தனை நாள் உள்ளே வைத்திருக்க முடிகிறதோ அத்தனையும் லாபம் என்றார். ஐந்து வாரம் வைத்திருந்தாள். அது பிறகு. அன்று எங்களுக்கு அந்த ஐந்து வாரமும் தெரியாது. திரும்பிப் போக ஒரு வீடும் இல்லை. படகுக்காரர் வேறு ஆளை வைத்துவிட்டார் என்று அக்கா யாரிடமோ கேட்டு வந்து சொன்னார்.

மனைவி தலையணையில் சாய்ந்து சேலைன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“சாப்பிட்டீங்களா?”

“ஆ…” என்று வாய் தொடங்கிவிட்டது. நிறுத்தினேன்.

“இல்ல” என்றேன். “நேத்துலேருந்து ஒண்ணுமில்ல. பசி உயிர் போகுது.”

“ஆங்” என்றாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பாணைப் பிய்த்துப் பெரிய துண்டை என் பக்கம் தள்ளினாள். பிறகு தண்ணீர்ப் போத்தலை எடுத்து, நான் பார்த்துக்கொண்டிருக்க, நிறுத்தாமல் குடித்தாள்.